பிள்ளை பிறந்த வீட்டின் முதல் ஆண்டு: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான வழிகாட்டி

பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் செருப்புக் கழற்றுகிற எல்லாரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். அம்மம்மா ஒன்று சொல்லுவா, அப்பம்மா அதற்கு எதிராக ஒன்று சொல்லுவா, கனடாவில் இருக்கிற பெரியம்மா வட்ஸ்அப்பில் மூன்றாவது ஒன்றை அனுப்புவா. எல்லாவற்றையும் கேட்டு நடக்கவும் முடியாது, எல்லாரையும் பகைக்கவும் முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு உதவும்: தாய்க்குச் செய்யச் சொல்கிற வழமைகளில் முக்கால்வாசி நல்லவை. பிள்ளையின் வாயில், மூக்கில், கண்ணில், தொப்புளில் எதையாவது வைக்கச் சொல்கிறவை அநேகமாக எல்லாமே விலக்க வேண்டியவை.

எட்டாம் மாதத்தில் முடிக்க வேண்டியவை

பிறக்க முதல் பிள்ளைக்குச் சாமான் வாங்கக்கூடாது என்று வீட்டில் சொன்னால் வாதாட வேண்டாம். வாங்காமலே பாதி வேலை முடியும். பழைய பருத்தி வேட்டி, நூல் சீலைகளைக் கிழித்து 20–25 துண்டுகள் எடுங்கள். கொதிநீரில் போட்டு, சவர்க்காரம் போக அலசி, நல்ல வெயிலில் காயவிட்டு மடித்து வையுங்கள். புதுத்துணியை விட இது பிள்ளையின் தோலுக்கு நல்லது. இரவுக்கும் கிளினிக் பயணத்துக்கும் மட்டும் பம்பர்ஸ் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் யார் கொண்டுவருவது என்று இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டுக்கு வரும் வழியைத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவர் தொலைபேசியில் பேச வேண்டும். "அம்மன் கோயிலுக்குப் பின்னால்" என்று சொன்னால் ஊரில் எந்த அம்மன் கோயில் என்று கேட்பார்கள்.

முதல் மூன்று நாள்

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை முலையில் வாய் வைக்க வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் பிள்ளையின் வயிறும் ஒரு தடவைக்கு 5–7 மில்லிலீற்றர்தான் கொள்ளும். "பால் காணாது" என்ற பேச்சு தொடங்குவது இந்த நாளில்தான், பால்மாப் பேணி வீட்டுக்குள் வருவதும் இந்த நாளில்தான். போத்தல் குடித்த பிள்ளை முலையை உறிஞ்சாது; உறிஞ்சாவிட்டால் பால் சுரக்காது; பிறகு உண்மையிலேயே காணாமல் போகும்.

முலைக்காம்பை மட்டும் பிள்ளை கவ்வினால் புண் வரும். வாய் நன்றாகத் திறக்கும்வரை பார்த்திருந்து, கருவளையத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போகும்படி பிள்ளையை முலைக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தாய் குனியக்கூடாது. 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கணிக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் போதும். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறையும், 10 வீதத்துக்கு மேல் குறையக்கூடாது. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட முதல் பி.சி.ஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போடப்பட்டதா, குதிக்காலில் இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்த்தார்களா, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சேனை தொடுவது, தேன் நக்கக் கொடுப்பது, சீனித்தண்ணி எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தசைகளை முடக்கும் நஞ்சைக் குடலுக்குள் உண்டாக்கும். சேனை தொட வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நின்றால் விரலில் தாய்ப்பாலைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், மரியாதையும் போகாது.

முப்பத்தொரு நாள்: தாய்க்கு

துடக்கு என்ற பெயரில் தாயைச் சமையலிலும் கூட்டலிலும் இருந்து விலக்கி வைப்பது நல்ல ஏற்பாடு. அதைக் குறைக்காதீர்கள். ஆனால் பத்தியத்தில் ஒரு பிழை இருக்கிறது: தண்ணி குடிக்க விடாமல் மறிப்பது. "தண்ணி குடிச்சால் வயிறு வைக்கும்" என்பது உண்மையில்லை. பால் கொடுக்கும் தாய் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு கிளாஸ் வெந்நீர் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில் தண்ணி குறைந்தால் சலக்கடுப்பும் மலச்சிக்கலும் வரும், தையல் போட்டவருக்கு அது இரட்டை வேதனை.

சரக்குக் கறி ஒரு வேளைக்கு இப்படி: மல்லி 2 மேசைக்கரண்டி, நற்சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, ஒரு சிறு துண்டு மஞ்சள், விரல் நகமளவு வேர்க்கொம்பு, உள்ளி 10 பல். உள்ளியையும் மஞ்சளையும் விட மற்றதை மணம் வரும்வரை மட்டும் வறுங்கள். மல்லி கறுத்தால் கறி முழுக்கக் கைக்கும். அம்மியில் பட்டுப்போல அரைத்து, இரண்டு கப் தண்ணியில் கரைத்து, பத்து நிமிடம் கொதித்த பிறகுதான் 250 கிராம் மீன் போட வேண்டும். சரக்கு பச்சையாக இருந்தால் நெஞ்செரியும். ஒட்டி, விளை போன்ற முள்ளும் கொழுப்பும் குறைந்த மீன் நல்லது. சிலர் மிளகை அள்ளிப் போடுவார்கள், காரம் கூடினால் தாய்க்கு வயிற்றெரிவுதான் மிச்சம்.

பால்சுறா வறைக்குப் பேர் பெரிது. நல்ல புரதம்தான், தாய் விரும்பிச் சாப்பிட்டால் சாப்பிடட்டும். ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறிய சுறாவாக, கிழமைக்கு ஒரு தடவை போதும். முருங்கையிலை வறை, முட்டை, பருப்பு, நெத்தலி இவை தினமும் இருக்கலாம். பால் கூடுவது பிள்ளை எத்தனை தடவை உறிஞ்சுகிறது என்பதில்தான்.

வேதுக் குளிப்புக்கு நொச்சி, பாவட்டை, ஆமணக்கு, வேப்பிலை ஆகியவற்றை அவித்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு வார்க்கலாம். உடம்புக்கு இதமாக இருக்கும். வயிற்றில் வெட்டித் தைத்தவருக்குக் காயம் மூடும்வரை அந்த இடத்தில் ஆவியும் இலைத்தண்ணியும் படக்கூடாது. குளித்ததும் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். தலை காயவைக்கச் சாம்பிராணி போடுவதாயின் பிள்ளையை வேறு அறையில் வையுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைகிற இரத்தம், காய்ச்சல், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் நோவும், கடும் தலையிடியோடு கண் மங்குதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் துடக்கு, நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு. இரண்டு கிழமைக்குப் பிறகும் தாய் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைத் தூக்க மனமில்லை என்றால், அதைச் சோம்பல் என்று பேசாதீர்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையும், 14 முதல் 21 நாளுக்குள் ஒரு தடவையும், 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவையும் வருவார். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

முப்பத்தொரு நாள்: பிள்ளைக்கு

தொப்புளில் எதுவும் பூச வேண்டாம். விபூதி, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும். காற்றுப் பட்டுக் காய்ந்து ஒன்று, இரண்டு கிழமைக்குள் தானாக விழும். சுற்றிச் சிவந்தால், சீழ் மணம் வந்தால் உடனே காட்டுங்கள்.

முற்றத்து வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணியில் முழுக வார்ப்பது நல்ல வழமை. வார்க்க முதல் முழங்கையால் சூடு பாருங்கள், பித்தளைப் பாத்திரத்துத் தண்ணி நினைப்பதைவிடச் சுடும். மூக்கைப் பிடித்து நீட்டுவது, தலையை அமத்தி உருட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நெஞ்சில் சளிக்காய்ச்சல் வரும். பிறந்த பிள்ளையின் மார்பு சில நாள் வீங்கிப் பால்போல ஒன்று கசியும். அதைப் பிதுக்கினால் கட்டியாகும். விட்டால் தானே வற்றும். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் கோரோசனை கரைத்துக் கொடுப்பதும் இந்த வயதில் கூடாது.

மஞ்சள் நிறம் முதல் 24 மணித்தியாலத்துக்குள் தெரிந்தால் அவசரம். அதற்குப் பிறகு வந்தாலும் உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சளாகினால், பிள்ளை பால் குடிக்க எழும்பாமல் கிடந்தால், காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வெயில் இதற்கு வைத்தியமாகாது.

ஏணை நித்திரைக்கு இதமானதுதான், ஆனால் ஆழமாகத் தொங்கும் சீலையில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள், நித்திரையானதும் மல்லாக்கக் கட்டிலிலோ பாயிலோ கிடத்துங்கள். கயிறு கட்டிய கூரை வளையில் மாதம் ஒரு தடவை தொங்கிப் பாருங்கள், கறையான் வெளியில் தெரியாது. பிள்ளை புரளத் தொடங்கிய பிறகு ஏணை வேண்டாம்.

தண்ணி: இந்த மண்ணுக்கே உரிய சிக்கல்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தண்ணி தேவையில்லை, வெயில் காலத்திலும் தேவையில்லை. இங்கே அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. வெங்காயம், புகையிலை, மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் கல்லின் வெடிப்புகள் வழியே நேரே நிலத்தடி நீருக்குப் போகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் வயிற்றில் அது இரத்தத்தை ஒட்சிசன் காவவிடாமல் செய்யும். உதடும் நகமும் சாம்பல்நீலமாகும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறிவாகும். "ரெண்டு தரம் கொதிக்க வைச்சது" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில்தான் ஆபத்துக் கூட. துணியால் வடிப்பதாலும் சாதாரண மண் வடியாலும் பயனில்லை. வைத்தியக் காரணத்தால் பால்மா கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்காமல் கரைக்காதீர்கள். எங்கே பரிசோதிப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதுவரை போத்தல் தண்ணியை ஒரு தடவை கொதிக்க வைத்து, 70 பாகைக்குக் கீழே ஆற முதல் மாவைக் கரைத்து, பிறகு ஆறவிட்டுக் கொடுங்கள். கரண்டி அளவு பேணியில் எழுதியபடியே இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கத் தண்ணியைக் கூட்டினால் பிள்ளை நிறை வைக்காது.

வேலைக்குத் திரும்பும் தாய், பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். அறை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் என்ற கணக்கு 25 பாகை உள்ள ஊருக்குரியது. இங்கே எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். நாலு நாள் இருக்கும். கொடுக்கும்போது சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

பதிவும் ஊசியும்

பிறப்பைப் பதியும் நாள் 42. பதிவது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. கோப்பாய்க்காரரின் பிள்ளை யாழ் போதனா வைத்தியசாலையில் பிறந்தால் பதிவும் யாழ்ப்பாணத்தில்தான். முப்பத்தொன்று முடிந்து பேர் வைப்போம் என்று இருந்தால் கையில் 11 நாள்தான் மிச்சம், அதற்குள் சாத்திரியார் எழுத்துச் சொல்லி, எண்கணிதம் பார்த்து, மாமன் ஒருவர் கோபித்து முடிய வேண்டும். பேரைத் தமிழில் முடிவு செய்யும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்து எல்லாரும் எழுதி வையுங்கள். பின்னுக்குக் கடவுச்சீட்டில் ஒன்று, பாடசாலையில் ஒன்று என்று வந்தால் திருத்த அலைய வேண்டும்.

ஊசிகள்: 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும் (2, 4 மாதங்களில் போலியோ ஊசியும் சேரும்). 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஒன்று. 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல். 18 மாதத்தில் முக்கூட்டு ஊசி, போலியோ. 3 வயதில் சின்னமுத்து ஊசி இரண்டாம் தடவை, 5 வயதில் பாடசாலைக்கு முன் ஒன்று. திகதி தவறினால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து போடுவார்கள்.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை. பாணி 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றால், 6 கிலோப் பிள்ளைக்கு 3.75 மில்லிலீற்றர். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சு வாங்குங்கள். ஊசி போடாத நாளில், மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்காமல் கொண்டு போக வேண்டும். கார்த்திகை முதல் தைவரை டெங்குக் காலம். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் பாருங்கள், பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள். பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் கிழமைக்கு ஒரு தடவை கவிழ்க்கிற வேலையை வீட்டில் ஒருவரின் பேரில் எழுதி விடுங்கள்.

ஆறு மாதம்: சோறு தீத்தல்

நல்லூரிலோ சந்நிதியிலோ முதற்சோறு தீத்த நாள் பார்ப்பதில் குறையில்லை, ஆறு மாதம் முடிந்த பிறகு நாள் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தை விட்டு, வெயில் ஏற முதல் போய் வாருங்கள். கோயிலில் ஒரு பருக்கை நன்றாக மசித்து வாயில் வைத்தால் சடங்கு முடிந்தது, சர்க்கரைப் பொங்கலை அள்ளித் தீத்தத் தேவையில்லை.

வீட்டுச் சாப்பாடு அடுத்த நாள் தொடங்கலாம். அரிசி 2 மேசைக்கரண்டி, தண்ணி இரண்டு கப், மூடி அவியவிட்டு அரை மணித்தியாலம். கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பாலோ நெய்யோ விடுங்கள். பதம் பார்க்கக் கரண்டியைச் சரித்துப் பாருங்கள், சோறு வழுகி விழாமல் நிற்க வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் பிழை கஞ்சித் தண்ணியைக் கொடுப்பது. வயிறு நிரம்பும், சத்து இருக்காது, எட்டாம் மாதத்தில் பதிவேட்டில் நிறைக் கோடு படுத்துவிடும்.

மூன்றாம் நாள் மைசூர்ப் பருப்பு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அவியுங்கள். முதற் கிழமைக்குள் பூசணி, கரட். இரண்டாம் கிழமையில் முருங்கையிலை, நன்றாக அவித்த முட்டை, முள் எடுத்த மீன். ஆறாம் மாதத்தில் தாயிடம் இருந்து வந்த இரும்புச்சத்து தீர்ந்து கொண்டிருக்கும். அதனால் மீன், ஈரல், பச்சை நெத்தலியைப் பிற்போடக்கூடாது. நெத்தலிக் கருவாட்டுத் தூளில் உப்புக் கூட. இதரை வாழைப்பழம், பழுத்த கறுத்தக்கொழும்பான், அவித்து மசித்த ராசவள்ளி எல்லாம் கொடுக்கலாம். ஒரு வயதுவரை உப்பு, சீனி, தேன் வேண்டாம். பசுப்பால் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதை நிற்பாட்டுங்கள், தேயிலை இரும்புச்சத்தைச் சேரவிடாது.

தொடக்கத்தில் 2–3 தேக்கரண்டி, நாளுக்கு இரண்டு தடவை. ஒன்பதாம் மாதத்தில் அரைக் கப், மூன்று நாலு தடவை. ஒரு வயதில் முக்கால் கப் முதல் ஒரு கப்வரை, குடும்பத்தோடு அதே சோறு, உறைப்பில்லாமல். வயிற்றோட்டம் வந்தால் ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணியில் முழுதாகக் கரையுங்கள், அரைப் பைக்கற் கணக்கு வேண்டாம். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சாப்பாட்டையும் பாலையும் நிற்பாட்டக்கூடாது.

பல்லுக்கொழுக்கட்டை

முதற்பல் தெரிந்ததும் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுவார்கள். ஓரத்தில் பல்போலத் தேங்காய்ச் சொட்டுக் குத்துவது அழகு. மூன்று கவனம் போதும். கொழுக்கட்டை கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும், உள்ளே சர்க்கரைப் பாணி வெளி மாவைவிட நேரம் சூடாக இருக்கும். தலைக்கு மேலே வெள்ளைத் துணியை இரண்டு பேர் பிடிக்க, மேலிருந்து எறியாமல் சுளகில் இருந்து சரித்து விடுங்கள். உருண்டு வருவதைப் பிள்ளை வாய்க்குள் போட முதல் தேங்காய்ச் சொட்டுகளைப் பொறுக்கி எடுக்க ஒருவர் முன்னுக்கு இருக்கட்டும். எடுக்க வைக்கும் தட்டில் புத்தகம், பேனை, காப்பு, நெல் வைக்கலாம். கத்தரிக்கோலையும் தோட்டையும் நீக்கிவிடுங்கள். பேனையை எடுத்தால் டொக்டர் என்று சொல்லிச் சிரிக்கட்டும்.

தவழத் தொடங்கினால்

முதலில் கிணறு. கட்டு 3 அடிக்குக் குறைந்தால் உயர்த்துங்கள், கம்பி வலை மூடி போடுங்கள். கட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளி, உடுப்புத் தோய்க்கிற கல் இருந்தால் அது ஏணிதான். கிணறு மூடியாயிற்று என்று ஆறுதலாக இருக்கவும் முடியாது, கால் வாளி தண்ணிக்குள் தலைகீழாக விழுந்தாலே பிள்ளை எழும்பாது. குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்க்கும் பழக்கம் வேண்டும்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கக்கூடாது. திரும்ப வரும்போது நெஞ்சுக்குள் போகும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நிலத்தில் படுக்கும் வீட்டில் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே முழுக்கச் சொருகுங்கள். இரவில் உலாவும் எட்டடி விரியனின் கடி நோகாது, கடித்தது தெரிய முன் கண் இமை தொங்கிவிடும்.

சில்லுப் பூட்டிய நடைவண்டி வேண்டாம். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது, அங்கிருந்து வரும் உறவுகள் காசைத் தந்து இங்கே கடையில் வாங்கச் சொல்வார்கள். கதிரையைப் பிடித்து நடந்து பழகுவது போதும்.

கச்சான், முறுக்கு, முழுத் திராட்சை, புளுக்கொடியல் கைக்கு எட்டக்கூடாது. தொண்டையில் அடைத்து ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை சத்தமில்லாமல் திணறினால், முன்கையில் குப்புறத் தலை கீழாகப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அமத்தல். மாறி மாறிச் செய்துகொண்டே 1990ஐ அழையுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

மூத்த பிள்ளை

இரண்டு, மூன்று வயதில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே படுக்கையையும் நேசறியையும் மாற்றி முடியுங்கள். தம்பியோ தங்கச்சியோ வந்த கிழமையில் மாற்றினால் பழி குழந்தைமேல் விழும். பம்பர்ஸ் நிறுத்தும் வேலையைப் பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், நிறுத்தியிருந்தாலும் திரும்ப நனைக்கும். அடிக்க வேண்டாம். பார்க்க வருகிறவர்களிடம் "முதலில் பெரியவரோட கதையுங்கோ" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் தாய் மூத்ததோடு மட்டும் இருக்க வேண்டும், அந்த நேரம் சின்னதை அப்பம்மாவோ தகப்பனோ வைத்திருக்கட்டும். துவாய் எடுத்துத் தருவது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போகாதீர்கள், இரண்டு நிமிடத்துக்கும் வேண்டாம்.